சத்தியப்பிரமாணமும் மக்கள் ஆணையும்

தெரிவுசெய்யப்பட்டோர் பதவியேற்கையில் எடுக்கும் சத்தியப்பிரமாணம் வெறுஞ் சடங்கன்று. அதனை இருவகையாக நோக்கலாம். பதவிக்குரிய கடமையைச் சட்டப்படி ஆற்றுவேன் என்பது ஒன்று. குறித்தவோர் அரசியற் கொள்கையை ஆதரியேன் என்பது மற்றொன்று. முன்னையது பிரதிநிதியின் செயலுக்கு வரம்பிடுவது. பின்னையது அவரைத் தெரிவுசெய்த மக்களின் கருத்துக்கே வரம்பிட முனைவது.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில், அரசியலமைப்புக்கும் சட்டத்துக்குமமையக் கடமையாற்றுவதாகக் கூறும் பிரமாணம் முன்னரே இருந்தது. 1982இல் வட்டுக்கோட்டைத் தொகுதிக்குத் தமிழர் விடுதலைக் கூட்டணி நியமித்த குட்டிமணி, சிறையிலிருந்தமையால் அப்பிரமாணத்தை எடுக்க அனுமதிக்கப்படவில்லை. 1983 யூலை 24ஆம் திகதி இரவு பொரளைக் கனத்தை மயானத்தருகே மூண்ட வன்செயல் கொழும்பெங்கும் பரவிற்று. அதே பொரளையிலுள்ள வெலிக்கடைச் சிறையில் 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். குட்டிமணியும் அவருள் ஒருவர்.

இரு வாரங்களுள், ஆகஸ்ட் 8இல், ஆறாம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையினுள் தனியரசு அமைவதை எவ்வகையிலும் ஆதரிப்பதில்லையெனப் பாராளுமன்ற உறுப்பினரும் அரச ஊழியரும் சத்தியஞ்செய்தல் வேண்டுமென்பது அதன் விதி. பாதிப்புற்றோரின் பாதுகாப்பன்றி, அவர்தம் பிரதிநிதிகளின் விசுவாசமே அவ்வேளை வினவப்பட்டது. தமிழீழக் கோரிக்கையை முன்வைத்து 1977இல் மக்கள் ஆணை பெற்ற கூட்டணியினர் முன் இரு வாக்குறுதிகள் எதிரெதிராய் நின்றன. அவர்கள் பிரமாணம் எடாது சபைக்கு வராதிருந்து ஆசனங்களை இழந்தனர். எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அ. அமிர்தலிங்கமும் அவருள் அடங்குவர்.

இந்தியாவிலும் 1963இல் பதினாறாம் திருத்தம், நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்னும் தொடரைப் பிரமாணத்திற் சேர்த்தது. திராவிட முன்னேற்றக் கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டு, 1967இல் சென்னை மாநில ஆட்சியைப் பெற்றது. இரு திருத்தங்களின் நோக்கமும் ஏறத்தாழ ஒன்றே; விளைவோ வேறு. அங்கே கொள்கையொன்றைத் துறந்தோர்க்கு மாநில ஆட்சியென்னும் வழி திறந்திருந்தது. இங்கே அத்தகைய வழி இருக்கவில்லை. சமஷ்டிக் கோரிக்கை பிரிவினையாகாதென இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017இலேயே.

சத்தியம் இருபாற்பட்டது. பிரதிநிதி அரசுக்கு விசுவாசமாயிருப்பதாக உறுதிகூறும்போது, அரசும் அவரைத் தெரிவுசெய்த மக்களைக் காப்பதாக உறுதிகூறுகின்றது. அவ்வுறுதி பொரளையிற் குலைந்த இரு வாரங்களில் கோரப்பட்ட சத்தியம் ஆசனங்களை வெறுமையாக்கியதேயன்றி மனங்களை இணைத்ததில்லை.