யானை வேட்டைக்காரரும் நாடிழந்த மகாராஜாவும்

காரைக்காலில் காடு கிடையாது. யானை பார்க்க வேண்டுமென்றால் கோயில் யானைதான். வேட்டை என்று எங்கள் பக்கத்தில் சொன்னால், அறுவடை முடிந்த வயலில் கொக்கும் மடையானும் அடிப்பதுதான் ஞாபகத்துக்கு வரும். அப்படிப்பட்ட ஊர்க்காரனான எனக்கு, ஓய்வு பெற்ற பிறகு பழைய வேட்டைக் கதைகள் படிக்கும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. யார் எத்தனை சுட்டார் என்பதைவிட, யார் யாரை எங்கே சந்தித்தார் என்பதுதான் அவற்றில் என்னை இழுத்தது. அப்படி ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால், அது இலங்கை மலையில் தொடங்கி, ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, எங்கள் பழைய பிரெஞ்சு இந்தியாவுக்கே வந்து நிற்கிறது.

இலங்கையில் 1840களில் யானை சுடுவது வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பெரிய பொழுதுபோக்கு. மேஜர் ராஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாக அங்கே காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். ராஜர்ஸ் 1845ல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானை சுட்டால் அரசாங்கமே வெகுமதியும் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500 யானைகளுக்கு வெகுமதி கேட்கப்பட்டதாம். அதே காலத்தில்தான் மலைக்காடுகளை அழித்துக் காப்பித் தோட்டம் போட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்குத் தஞ்சை, திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்து நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் 'கண்டிச் சீமை'க்குப் போனார்கள்.

ராஜர்ஸ் இறந்த மறு வருஷம், 1846ல், சாமுவேல் பேக்கர் என்ற இளைஞர் யானை வேட்டைக்கென்றே இலங்கை வந்தார். நுவரெலியா குளிர் பிடித்துப்போய், 1848ல் இங்கிலாந்திலிருந்து குடும்பம், வேலையாட்கள், மாடு, வேட்டை நாய் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிவந்து பண்ணை வைத்தார். 1855ல் ஊர் திரும்பினார். கொஞ்ச நாளில் மனைவி இறந்துபோனார். மனம் நிலையில்லாமல் இருந்த அந்தச் சமயத்தில், ஸ்காட்லாந்தில் அதோல் பிரபுவின் வேட்டைப் பண்ணையில் ஓர் இந்தியரைச் சந்தித்தார். அவர்தான் மகாராஜா துலீப் சிங்.

துலீப் சிங் பஞ்சாப் சிங்கம் ரஞ்சித் சிங்கின் கடைசி மகன். ஐந்து வயதில் சிம்மாசனம். 1849ல், பத்து வயதில், நாட்டையும் கோகினூர் வைரத்தையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வைத்தார்கள். தாயிடமிருந்து பிரித்தார்கள். 1853ல் கிறிஸ்தவரானார், அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு உபகாரச் சம்பளம் இருந்தது, ராணியின் அன்பு இருந்தது, கையில் துப்பாக்கி இருந்தது. நாடு மட்டும் இல்லை.

பேக்கரும் மகாராஜாவும் 1858 கடைசியில் ஐரோப்பாவுக்குள் வேட்டைப் பயணம் கிளம்பினார்கள். டான்யூப் நதியில் பனிக்கட்டியால் படகு பழுதாகி, 1859 ஜனவரியில் துருக்கியர் வசமிருந்த விதின் என்ற ஊரில் தங்க நேர்ந்தது. அங்கே அடிமைச் சந்தையில் விற்பனைக்கு நின்ற ஓர் இளம்பெண்ணைப் பேக்கர் மீட்டுத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அவர்தான் பிற்பாடு பேக்கரின் மனைவியான புளோரன்ஸ். இருவரும் ஆப்பிரிக்கா போய், 1864 மார்ச்சில் நைல் நதியின் ஆல்பர்ட் ஏரியைக் கண்டார்கள். பேக்கர் 'சர்' ஆனார். நுவரெலியா யானைக்காரரை நைல் வரை கொண்டுபோனதில், நாடிழந்த ஒரு சீக்கிய ராஜாவின் வேட்டைப் பயணத்துக்கும் பங்கு உண்டு!

மகாராஜா இங்கிலாந்து திரும்பி, 1863ல் எல்வெடன் என்ற பெரிய பண்ணையை வாங்கினார். அங்கே ஒரே நாளில் 1,000 தோட்டாக்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட கௌதாரிகளை வீழ்த்தினார் என்பது அந்நாளில் பெரிய பேச்சு. வேல்ஸ் இளவரசர் அங்கே வந்து சுடுவார். அந்த இளவரசர்தான் 1869ல் பேக்கரை எகிப்துக்கு உடன் அழைத்துப் போனவர். 1875 டிசம்பரில் இலங்கைக்கு வந்து யானை சுட்டவரும் அவரே. எல்லாரும் ஒரே வட்டம். இந்த வட்டத்துக்குள் மகாராஜாவுக்கு நல்ல மரியாதை இருந்தது. கௌதாரி சுட்டுக்கொண்டிருந்த வரையில் அவரால் யாருக்கும் தொந்தரவில்லை. சொத்துக்கும் நாட்டுக்கும் கணக்குக் கேட்டபோதுதான் முகங்கள் மாறின.

1886ல் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். ஏடனிலேயே தடுத்துவிட்டார்கள். அங்கேயே மீண்டும் சீக்கியரானார். பிறகு பாரிஸ் போனார், ரஷ்யா போனார், உதவி கேட்டார். அவருக்காக இந்தியாவில் வேலை செய்தவர் உறவினரான தாக்கூர் சிங் சந்தன்வாலியா. பஞ்சாபில் இருந்தால் பிடித்துவிடுவார்கள் என்று அவர் வந்து சேர்ந்த இடம் புதுச்சேரி! 1886 கடைசியில் வந்தார். நாடுகடந்த மகாராஜாவின் பிரதம மந்திரி என்ற பட்டத்தோடு அங்கிருந்தே கடிதங்கள் அனுப்பினார். 1887 ஆகஸ்ட்டில் புதுச்சேரியிலேயே காலமானார்.

பிரெஞ்சு மண்ணுக்குள் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது என்பதை காரைக்கால்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாலு பக்கமும் கடலும் தஞ்சாவூர் ஜில்லாவும் சூழ்ந்த எங்கள் ஊருக்கும் 1954 வரை அதே சட்டம்தான். புதுச்சேரி அடைக்கலம் என்றால் நமக்குப் பாரதியும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் நினைவுக்கு வருவார்கள். பாரதி 1908ல் அங்கே வந்தார். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே அதே கதவைத் தட்டியிருக்கிறார் பஞ்சாபிலிருந்து வந்த ஒருவர். இதை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

டான்யூபில் ஒரே படகில் போன அந்த இரண்டு நண்பர்களும் ஒரே ஆண்டில் இறந்தார்கள். பேக்கர் 1893 டிசம்பரில், புகழோடு, சொந்த வீட்டில். துலீப் சிங் அதே ஆண்டு அக்டோபரில், பாரிஸில் ஒரு ஓட்டலில். ராணியிடம் மன்னிப்புக் கேட்டுப் பெற்றிருந்தும் பஞ்சாபுக்குத் திரும்ப முடியவில்லை. உடலை இங்கிலாந்து கொண்டுபோய், கௌதாரி சுட்ட அந்த எல்வெடனிலேயே கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்தார்கள்.