சேரியின் முகவரி: புதுச்சேரி நிலத்தை வரைபடத்தில் வாசித்தல்

1745 அக்டோபர். புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் நின்றது. ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறித்தவர்கள். பெரிய பறைச்சேரி, சின்னப் பறைச்சேரி, உழந்தை ஆகிய இடங்களிலிருந்து நம் மக்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இதை எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

அந்த நாட்குறிப்பை நாம் போராட்டத்தின் சாட்சியாக மட்டும் படிக்கிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது: முகவரி. ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன் நம் மக்கள் எந்தெந்தச் சேரிகளில் வாழ்ந்தார்கள் என்று அது பெயர் சொல்கிறது. உழந்தை என்ற பெயர் இன்றும் நகரத்துக்குள் இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகளோ கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. மூன்றாவதாக ஒரு நகரம் இருந்தது. அது சேரி.

முகவரி ஏன் முக்கியம்? நிலம் யாருடையது என்ற கேள்வி வரும்போது முகவரிதான் ஆதாரம்.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்குப் பஞ்சமி நிலம் என்ற பிடி இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை போட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை மீறப்பட்டது. மீட்கப் போராடியபோது 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள்.

அந்த ஆணை சென்னை மாகாணத்துக்கானது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எனவே கோட்டக்குப்பம் பக்கம் செல்லுபடியான ஆணை, எல்லை தாண்டி முத்தியால்பேட்டைக்குள் வந்தால் செல்லாது. மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தில் இந்த எல்லை தெரியாது. வீடுகள் தொடர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் சட்டப்படி கேட்க ஒரு சொல் உண்டு, மறுபக்கம் அந்தச் சொல்லே இல்லை.

அதனால் புதுச்சேரியில் நம் வேலை கூடுதல். நல்லவேளையாக ஆவணங்கள் இருக்கின்றன. இங்குள்ள பத்திரங்களைப் பாருங்கள்: மறுஅளவை எண்ணோடு கதாஸ்தர் எண்ணும் இருக்கும். கதாஸ்தர் என்பது பிரெஞ்சு ஆட்சிக்கால நில அளவைப் பதிவு. இன்றைய மனையிலிருந்து பழைய நிலத்துக்குப் போகும் பாலம் அந்த எண். இன்றைய நில ஆவணங்களை அரசின் ‘நிலமகள்’ இணையதளத்தில் பார்க்கலாம்.

இதோடு படங்களைச் சேர்க்க வேண்டும். 1972இல் தொடங்கிய லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் 2008 முதல் இலவசம். 2005இல் வந்த கூகுள் எர்த்தில் ஒரே இடத்தின் பழைய படங்களை ஆண்டுவாரியாகத் தள்ளிப் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் 2009இல் வந்தது. சேதராப்பட்டு, கரசூர் பக்கம் போய்ப் பாருங்கள். சிறப்புப் பொருளாதார மண்டலம் வரும் என்று அங்கே நிலம் எடுத்தார்கள். ஆண்டுகள் ஓடியும் மண்டலம் வரவில்லை. பயிர் நின்றது எப்போது, கட்டடம் வந்ததா இல்லையா என்பதைப் படம் காட்டும். ஏரிக்கரை மனைப்பிரிவாவதையும், வண்டிப்பாதை தார்ச்சாலையாவதையும் அப்படியே பார்க்கலாம்.

ஆனால் படம் கூரையைத்தான் காட்டும். அது யார் நிலம், யார் யாருக்கு விற்றார்கள், யார் கையெழுத்து வைக்க நிர்ப்பந்திக்கப்பட்டார்கள் என்பதைக் காட்டாது. அதற்குப் பத்திரம் வேண்டும், பாட்டியின் வாய்மொழி வேண்டும்.

அமெரிக்காவில் இதைச் செய்து காட்டினார்கள். மினியாபொலிஸ் நகரில் வீட்டுப் பத்திரங்களிலேயே ‘கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது’ என்று எழுதிவைத்திருந்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ‘மேப்பிங் பிரஜுடிஸ்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய பத்திரங்களை இணையத்தில் ஒவ்வொன்றாகப் படித்து, அந்நகரில் மட்டும் 8,000க்கும் மேற்பட்டவற்றைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்தார்கள். ‘எங்களுக்கு வீடு தரவில்லை’ என்று மக்கள் சொல்லிவந்தது, மறுக்க முடியாத படமானது. நம் ஊரில் சாதியைப் பத்திரத்தில் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த இடைவெளியே பத்திரம்.

ஆகவே மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் மூன்றைக் குறியுங்கள். ஒன்று, சேரியின் பழைய பெயர். பல இடங்களில் புது மனைப்பிரிவின் பெயர் வரைபடத்தில் பெரிதாக இருக்கும், சேரியின் பெயர் இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெயரை நாமே சேர்க்கலாம். இரண்டு, சுடுகாட்டுப் பாதை. மனை போடும்போது முதலில் மறிக்கப்படுவது அதுதான். மூன்று, மேய்ச்சலுக்கும் குளத்துக்கும் பயன்பட்ட புறம்போக்கு. ஒவ்வொன்றுக்கும் அளவை எண், படத்தின் தேதி, சொன்னவரின் வயது ஆகியவற்றை எழுதிவையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நமக்குத் தெரியும் படம் ரியல் எஸ்டேட்காரருக்கும் தெரியும். பட்டா இல்லாத குடும்பங்களின் வீடுகளைத் தனித்தனியாகக் குறித்துப் பொதுவெளியில் போட்டால், வெளியேற்றுபவருக்கு நாமே பட்டியல் தயாரித்துக் கொடுத்ததாகிவிடும். எதை வெளியிடுவது, எதை நம்மிடமே வைத்திருப்பது என்பதைச் சேரி மக்கள் கூடி முடிவு செய்யட்டும்.

1745இல் சுவரை இடிக்கக் கேட்டுப் போனவர்களின் பெயர்களில் பெரும்பாலானவை நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது கிடைத்திருக்கிறது. அந்த இடங்களை முதலில் குறிப்போம்.