ஆலய வாசலும் வளர்ப்பு நாயும்

சென்ற தவக்காலத்தில் நமது பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு விண்ணப்பம் வாசிக்கப்பட்டது. மாலை வேளைகளில் ஆலய வளாகத்திற்குள் வளர்ப்பு நாய்களைக் கொண்டுவருவதைத் தடைசெய்து அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். முப்பதுக்கும் மேற்பட்டோர் கையொப்பம் இட்டிருந்தனர். காரணம் இல்லாமல் இல்லை. மறைக்கல்விக்கு வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை, கெபியின் அருகே கட்டப்பட்டிருந்த ஒரு வீட்டு நாய் கடித்துவிட்டது. அவனுடைய தாய் நாள்கூலிக்குச் செல்பவர். தடுப்பூசிக்காக மகனை அழைத்துக்கொண்டு அவர் மருத்துவமனைக்கு அலைந்த நாள்களின் கூலியை யாரும் ஈடுசெய்யவில்லை.

அதே கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நமக்காகக் காத்திருந்தார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். நாள்தோறும் மாலையில் கெபியின் முன் அமர்ந்து செபமாலை சொல்லுவார். அவருடைய கிழட்டு நாய் காலடியில் படுத்திருக்கும். கடித்தது அந்த நாய் அன்று. "இவனை வீட்டில் பூட்டிவிட்டு வரச் சொன்னால், நானும் வருவதற்கில்லை, சாமி" என்றார்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு மாத அவகாசம் கேட்டுக்கொண்டோம். இத்தகைய வழக்கு திருச்சபைக்குப் புதிதா என்று அறிய வரலாற்றைப் புரட்டினோம். புதிதே அன்று. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இந்த வழக்கு நடந்து வருகிறது. நாம் கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையதாகும் எனக் கருதுகிறோம்.

வாசலும் மேசையும்

விவிலியத்தில் நாய்க்குப் பெரும்பாலும் நற்பெயர் இல்லை. அக்காலத்து நகரங்களில் நாய் என்றால் கழிவுகளைத் தின்று திரியும் கூட்டம். விலங்குகளால் கொல்லப்பட்ட பிராணியின் இறைச்சியை நாய்களுக்கு எறிந்துவிடுமாறு விடுதலைப் பயண நூல் கட்டளையிடுகிறது. திருவெளிப்பாட்டில் புதிய நகரின் மதிலுக்கு வெளியே நிறுத்தப்படுவோர் பட்டியலில் முதலில் வருவதும் நாய்கள் என்னும் சொல்லே.

ஆயினும் மற்றொரு நாயும் விவிலியத்தில் உண்டு. தோபித்து நூலில் இளைஞர் தோபியா தொலைதூரப் பயணம் புறப்படும்போது அவருடன் ஒரு நாயும் செல்கிறது, திரும்பும்போதும் உடன்வருகிறது. மத்தேயு நற்செய்தியில் கானானியப் பெண் ஆண்டவரிடம் மன்றாடும் காட்சியில் பயன்படுத்தப்படும் கிரேக்கச் சொல், தெருநாயைக் குறிப்பதன்று. வீட்டிலுள்ள சிறு நாயைக் குறிக்கும் சொல். மேசையின் கீழே அதற்கும் ஓர் இடம் உண்டு என்பதைத்தான் அந்தத் தாய் தம் வாதத்திற்கு ஆதாரமாகக் கொண்டார். லூக்கா நற்செய்தியில் செல்வரின் வாசலில் கிடந்த இலாசரின் புண்களை நாய்கள் நக்கின. அந்த வீட்டிலிருந்து ஒருவரும் அவரிடம் வரவில்லை.

ஆக, நாய் தூயதா தீட்டா என்னும் கேள்விக்கு விவிலியத்திலிருந்து ஒற்றை விடையைப் பெற முடியாது. எந்த வாசலில், யாருக்கு முன்னால் அந்த நாய் நிற்கிறது என்று கேட்டால் மட்டுமே விடை தெளிவாகிறது.

மாக்கோன் சங்கத்தின் கட்டளை

இவ்வாறு கேட்டவர்கள் ஆறாம் நூற்றாண்டு ஆயர்கள். இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள மாக்கோன் நகரில் 585ஆம் ஆண்டு கூடிய ஆயர் சங்கம், ஆயர்களின் இல்லங்களில் காவல் நாய்கள் இருத்தலாகாது என்று விதித்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் கவனத்திற்குரியது. நாய் அசுத்தமானது என்றோ, ஆயரின் மதிப்புக்கு இழுக்கு என்றோ அச்சங்கம் கூறவில்லை. ஆயர் இல்லம் எல்லாரையும் வரவேற்பதற்காக உள்ள இடம். துன்பம் தீரும் என நம்பி வருவோர் அங்கே நாய்க்கடிபட்டுத் திரும்பக் கூடாது என்பதே அதன் கருத்து.

செல்வர் வீட்டு வாசலில் நாய் நிற்பது அக்காலத்தில் இயல்பு. திருடனைத் தடுப்பதற்காக நிறுத்தப்படும் அந்த நாய், திருடனையும் ஏழையையும் பிரித்தறியாது. கிழிந்த ஆடையைக் கண்டால் இன்னும் உரக்கக் குரைக்கும். இதை அந்த ஆயர்கள் அறிந்திருந்தனர். ஆகவே தங்கள் வாசலையே முதலில் திருத்திக்கொண்டனர்.

நாய்விரட்டிகள்

இடைக்காலத்தில் நிலைமை மாறியது. ஐரோப்பியக் கிராமங்களில் ஊரார் அனைவரும் ஒன்றாகக் கூடத்தக்க பெரிய கட்டடம் பெரும்பாலும் ஆலயம் ஒன்றே. இடையர்கள் தங்கள் நாய்களுடன் நெடுந்தொலைவு நடந்து வந்தனர். உயர்குடியினர் வேட்டை நாய்களுடன் வந்தனர். துறவு மடங்களும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்தில் வின்செஸ்டர் ஆயர் விக்கம் வில்லியம் 1387ஆம் ஆண்டு ரோம்சி மடத்துக் கன்னியர்க்கு ஒரு கண்டிப்பு மடல் விடுத்தார். பறவைகளையும் முயல்களையும் நாய்களையும் ஆலயத்திற்குள் கொண்டுவந்து, வழிபாட்டைவிட அவற்றின் மீதே கருத்தூன்றுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மடத்துப் பணத்தில் நாய் வளர்த்தால் ஏழைகளுக்குரிய பங்கு குறையும் என்னும் கவலையும் அக்காலத்துத் திருச்சபையில் இருந்தது.

தடை மட்டும் போதவில்லை. எனவே ஒரு பணியாளர் தேவைப்பட்டார். நமது கோவில்களில் கோவில்பிள்ளை இருப்பதுபோல, இங்கிலாந்தில் பல பங்குகளில் 'நாய்விரட்டி' என்னும் பதவியே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அவருக்குக் கொடுத்த கூலி பங்குக் கணக்கேடுகளில் பதிவாகியுள்ளது. எக்சிட்டர் பேராலயத்தில் நாய்விரட்டி தங்குவதற்கென ஓர் இருப்பிடம் இருந்தது. ஸ்பெயின் நாட்டுப் பேராலயங்களிலும் இதே பணிக்கு ஆள் உண்டு. ஒல்லாந்தில் ஹார்லெம் நகரின் பெரிய ஆலயத்தில் ஒரு சிற்றாலயம் இன்றும் நாய்விரட்டிகளின் பெயரால் அழைக்கப்படுகிறது. டிரைசல் என்னும் ஆங்கிலேயக் கிராமத்தில் 1725ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஓர் உயில், ஏழை ஒருவருக்கு ஆண்டுக்கு 20 ஷில்லிங் ஒதுக்கியது. வழிபாட்டு நேரத்தில் தூங்குபவர்களை எழுப்புவதும் நாய்களை வெளியே நிறுத்துவதும் அவர் வேலை. மறையுரை நீண்டால் முதல் வேலைக்கே நேரம் சரியாக இருந்திருக்கும்!

வேல்ஸ் நாட்டின் கிளின்னோக் ஆலயத்தில், நாயைத் தொலைவிலிருந்தே பிடித்து வெளியேற்றும் மர இடுக்கி ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அதில் 1815 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. பலிபீடக் கிராதியும் இக்கதையில் இடம்பெறுகிறது. நம் கத்தோலிக்க ஆலயங்களின் கிராதிக்குத் தனி வரலாறு உண்டு. ஆனால் ஆங்கிலிக்கன் சபையின் நோர்விச் ஆயர் மத்தேயு ரென் 1636இல் ஆணையிட்டபோது, நாய் நுழைய முடியாத அளவு நெருக்கமாகக் கிராதியின் தூண்கள் அமைய வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறினார்.

இத்தனைக்குப் பின்பும் நாய்கள் வந்துகொண்டேதான் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் எமானுவேல் தெ விற்றே வரைந்த டெல்ஃப்ட் ஆலய ஓவியத்தில், ஒரு நாய் தூணின்மீது காலைத் தூக்கி நிற்பதைக் காணலாம். ஸ்காட்லாந்து இடையர் ஊர்களில், மக்கள் எழுந்தால் வழிபாடு முடிந்தது என்று நாய்கள் ஆரவாரம் செய்வதால், இறுதி ஆசீரை அமர்ந்தபடியே பெற்றார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விரட்டியவர்களும் வழிவிட்டவர்களும் ஒரே திருச்சபைக் குடும்பத்தினர்தாம்.

வீதிக்கு வந்த வழக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு ஆலயத்தை விட்டு வீதிக்கு வந்தது. வெறிநாய்க்கடி நோய் பற்றிய அச்சமே முதன்மைக் காரணம். 1885ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் பாரிசில் லூயி பாஸ்டர், யோசேப்பு மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தினார், சிறுவன் பிழைத்தான். நம் குன்னூரில் 1907ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் எழுந்தது அந்த முயற்சியின் தொடர்ச்சியே.

மருந்து வந்ததோடு மட்டும் பிரிட்டன் நிற்கவில்லை. பொது இடங்களுக்கு வரும் நாய்களுக்கு வாய்ப்பூட்டு இட வேண்டும் என்று 1890களில் அரசு கண்டிப்பான ஆணைகள் பிறப்பித்தது. நாய் வளர்ப்போர் கொதித்தெழுந்தனர். வாயில்லா உயிரை வதைப்பதாகக் குற்றம் சாட்டினர். ஆயினும் ஆணை நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களைத் தனிமைப்படுத்தும் விதியும் சேர்ந்தது. 1902ஆம் ஆண்டளவில் நாட்டில் அந்நோய் ஒழிந்தது. முதல் உலகப் போரின் இறுதியில் மீண்டும் நுழைந்து, 1922இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது. வளர்ப்போர் சில ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட இடையூறு, பிறரின் பிள்ளைகளைக் காத்தது.

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் இன்னும் கடுமையான வழியை மேற்கொண்டது. நாயிடமிருந்து மனிதருக்குப் பரவும் நாடாப்புழு நோயை முன்னிட்டு 1924இல் நகருக்குள் நாய் வளர்ப்பதையே தடைசெய்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1984இல்தான் அத்தடை தளர்த்தப்பட்டது. நியூயார்க் நகரமோ வேறு வழி கண்டது. நாயை வெளியே அனுப்பவில்லை. தெருவில் நாய் கழித்த மலத்தை அதன் உரிமையாளரே அள்ள வேண்டும் என்னும் சட்டம் 1978ஆம் ஆண்டு அங்கே நடைமுறைக்கு வந்தது. இது நடக்கிற காரியமா என்று பலர் நகைத்தனர். நாளடைவில் அது பழக்கமாகிவிட்டது.

நமக்கும் இவ்வழக்கு தொலைவில் இல்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு வளர்ப்பு நாய்கள் கடித்துக் குதறிய செய்தி நாட்டையே உலுக்கியது. அவை தெருநாய்கள் அல்ல, உரிமையாளர் உள்ளவை. கயிறும் வாய்ப்பூட்டும் இருந்திருந்தால் அச்சிறுமிக்கு அத்துன்பம் நேர்ந்திராது.

கதவு திறந்த வரலாறு

இவ்வரலாறு முழுவதும் கதவடைப்பாகவே முடியவில்லை. முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி, 1916ஆம் ஆண்டு செருமனியின் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கப்பட்டது. 1929இல் அமெரிக்காவிலும் அத்தகைய பள்ளி எழுந்தது. இன்று பல நாடுகளில் வழிகாட்டி நாயை உணவகத்திலோ தொடர்வண்டியிலோ ஆலயத்திலோ தடுப்பது சட்டப்படி குற்றம். மாக்கோன் ஆயர்கள் நாயைத் தடுத்ததும், இக்காலச் சட்டங்கள் நாயை உள்ளே விடுவதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். ஆனால் இரண்டிலும் அளவுகோல் ஒன்றே. அந்த இடத்திற்கு வர உரிமை உடையோரில் மிகவும் எளியவர் யார், நாயினால் அவருக்கு வழி அடைபடுகிறதா, திறக்கிறதா என்பதே அந்த அளவுகோல்.

நமது புனிதர்களும் இதற்குச் சான்று. நாம் ஆரோக்கியநாதர் என்று அன்போடு அழைக்கும் புனித ரோக், கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்தபோது, ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொண்டுவந்து கொடுத்ததாக மரபு கூறுகிறது. ஆகஸ்டு 16ஆம் நாள் அவர் திருநாளில் நாம் மாலையிடும் சுரூபத்தில், வாயில் அப்பத்துடன் அந்த நாயும் நிற்கிறது. ஆலயத்தில் அதற்கு இடம் கொடுத்தது, கைவிடப்பட்ட ஒருவருக்கு அது துணைநின்றது என்பதாலன்றோ?

நமது பலகை

மாதம் முடிந்தபின் பங்குப் பேரவை மீண்டும் கூடியது. சிறுவனின் தாயையும் ஆசிரியையையும் அழைத்திருந்தோம். மேலே கூறிய வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்தோம். நீண்ட உரையாடலுக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தோம். வளாகத்திற்குள் வரும் நாய்க்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும். கயிறு கையில் இருக்க வேண்டும். மரத்திலோ கம்பத்திலோ கட்டிவிட்டுச் செல்லலாகாது. அசுத்தத்தைக் கொண்டுவந்தவரே அகற்ற வேண்டும். மறைக்கல்வி நடக்கும் ஞாயிறு காலையிலும், புனித அந்தோணியார் அப்பம் பெற ஏழைகள் வரும் செவ்வாய்க்கிழமையிலும் நாய்களுக்கு இடமில்லை. பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்க்கு எந்நாளும், ஆலயத்தின் உள்ளேயும் தடையில்லை. கடித்த நாயின் உரிமையாளர் அந்தத் தாய் இழந்த கூலியைத் தர ஒப்புக்கொண்டார். தந்தும்விட்டார்.

கையொப்பமிட்டோர் அனைவருக்கும் இது மனநிறைவு அளித்தது என்று சொல்வதற்கில்லை. முழுத் தடையே வேண்டும் என்போர் இன்றும் உளர். சிறுவன் இன்னும் கெபியின் பக்கம் தனியே செல்வதில்லை. சென்ற வாரம் மாலையில், ஆசிரியை தம் நாயைச் சற்றுத் தொலைவில் அழைத்துச் சென்று, கயிற்றைக் கையில் இறுகப் பற்றியபடி அமர்ந்திருந்ததைக் கண்டோம். ஏன் அங்கே சென்று அமர்ந்துவிட்டீர்கள் என்று வினவினோம். "அந்தப் பிள்ளை மெழுகுதிரி ஏற்ற வந்திருக்கிறான், சாமி. முடித்துவிட்டுப் போகட்டும்" என்றார்.