தொரப்பள்ளி தந்த சுதந்திரச் சிந்தனை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்து, ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்ற ராஜாஜி, ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் அறச் சிந்தனைகளையும் கிரேக்க ஞானி சாக்ரடீஸின் வரலாற்றையும் தமிழில் தந்தவர்.

அவருடைய சொற்றொடர்களுள் நாடெங்கும் நிலைத்தது ‘லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்யம்’ என்பதாகும். தொழில் தொடங்க உரிமம், இறக்குமதிக்கு அனுமதி, மூலப்பொருளுக்கு ஒதுக்கீடு என ஒவ்வொன்றுக்கும் அரசிடம் காத்துக்கிடக்க நேர்ந்த ஆட்சிமுறையை அது சுட்டியது. அம்முறையை எதிர்த்தே அவர் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்.

தனிமனித உரிமையை இவ்வளவு வலியுறுத்திய அவரே, சென்னை மாகாணப் பிரதமராக, அதாவது இன்றைய வழக்கில் முதலமைச்சராக, இருந்தபோது, ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் 1937இல் மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தி, மாகாணம் இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார். குடியால் சிதைந்த ஏழைக் குடும்பத்துக்கு உரிமை என்பது வெறும் சொல்லே என்பதை எண்ணிப் பார்த்தால், இதனை முரண் என்று எளிதில் தள்ளிவிட இயலாது.

இன்றைய ஓசூரின் ஆலைகளுக்கு, 1971இல் தோன்றிய அரசு நிறுவனமான சிப்காட் அமைத்த தொழிற்பேட்டை முக்கிய அடித்தளமாக இருந்தது; அவர் எதிர்த்ததும் உரிமம், அனுமதி, ஒதுக்கீடு என்ற கட்டுப்பாடுகளையே என்பதால், அரசே வேண்டாம் என்பதாக அவர் சொற்களைப் படிப்பது பிழையாகும்.