குருதிக் குழாயை உள்ளிருந்து அடைத்த வரலாறு

குளக்கோட்டன் கட்டியதென்று நம்மவர் மரபு சொல்லும் கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் உழவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வாய்க்கால் உடைத்தால் எதைக் கொண்டு அடைப்பது என்பது, எத்தனை நாளைக்கு அடைப்பது என்பதைப் பொறுத்தது. ஒரு போகத்துக்காயின் வைக்கோலும் களிமண்ணும் போதும். என்றைக்குமாயின் கல்லும் சீமெந்தும் வேண்டும். மனித உடலின் குருதிக் குழாய்களை உள்ளிருந்தே அடைக்க முயன்ற வைத்தியர்களும் இக்கேள்வியோடுதான் நூறாண்டுக்கு மேலாகப் போராடி வந்துள்ளனர்.

குணப்படுத்த வேண்டியவர் குழாயை ஏன் அடைக்க வேண்டும் என்று நேயர்கள் வினவலாம். இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி பெருகும்போதும், கட்டியொன்று குருதியை உறிஞ்சிக் கொழுக்கும்போதும், அவ்விடத்துக்குச் செல்லும் ஓட்டத்தை நிறுத்துவதே உயிர்காக்கும் வழியாகிவிடுகிறது.

1904ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துச் சத்திர வைத்தியர் டோபார்ன், உருக்கிய மெழுகைக் கழுத்து நாடியின் கிளையொன்றில் செலுத்திக் கட்டிகளைப் பட்டினி போட முயன்றார். 1930ஆம் ஆண்டளவில் புரூக்ஸ் என்பவர் தசைத் துண்டையே அடைப்பாக்கினார். 1953இல் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர், ஊசித் துளையூடாகவே மெல்லிய குழாயை நாடிக்குள் நுழைக்கும் வழியைக் கண்டார். 1960இல் வாஷிங்டனில் லூசன்ஹொப், ஸ்பென்ஸ் என்னும் இருவர், சிறு பிளாஸ்டிக் மணிகளைக் கழுத்து நாடியில் விட்டு, மூளையில் முறைகெட்டுப் பின்னிக் கிடந்த குழாய்களை அடைத்தனர். துணிவான செயல்தான், ஆனால் ஓடும் வாய்க்காலில் விட்ட தக்கை எந்தக் கிளையில் நிற்கும் என்று யார் சொல்வார்? தவறி நல்ல கிளைக்குள் புகுந்தால் கையோ காலோ பேச்சோ போய்விடும்.

1972இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரோஷ், டொட்டர் முதலியோர் நோயாளியின் உறைந்த குருதியையே கொண்டு இரைப்பைக் குருதிப் பெருக்கை நிறுத்தினர். அது நாளடைவில் கரைந்துவிடும். புண் ஆறுவதற்கு அக்காலம் போதும். இது களிமண் அடைப்பு. ஜெலற்றின் பஞ்சும் இவ்வகையே. 1974இல் மினசோட்டாவில் தாடவர்த்தி என்னும் இந்தியப் பெயருடையவரும் அவர் தோழர்களும் கையாண்ட பொலிவினைல் அற்ககோல் துணுக்குகளோ நெடுநாள் நிற்பவை. 1975இல் ஜியான்துர்க்கோ உருக்குச் சுருளில் கம்பளி இழை கோத்தார். கம்பளியா என்று நகைக்க வேண்டாம். இழையைச் சுற்றித்தான் குருதி விரைந்து உறைகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது, மூளை நாடியின் சுவர் மெலிந்து கொப்புளமாகப் புடைத்து நிற்கும் நோய். கட்டு மெலிந்தால் என்னவாகும் என்பதைக் கந்தளாய் மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலை குளக்கட்டு உடைத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மூளைக் கொப்புளத்துக்கு, குக்லியெல்மி என்னும் இத்தாலிய வைத்தியர் கலிபோர்னியாவில் ஆக்கி 1991இல் வெளியிட்ட முறை வழிகாட்டியது. மயிரிழை போன்ற பிளாட்டினச் சுருளைக் கொப்புளத்துக்குள் செலுத்துவர். இடம் பிசகினால் பின்னிழுத்துக்கொள்ளலாம். சரியாக அமர்ந்தபின் சிறு மின்னோட்டத்தால் இணைப்பைக் கரைத்துச் சுருளை அங்கேயே விட்டுவிடுவர். விட்ட மணியை மீட்க முடியாதிருந்த 1960ஐ நினைத்தால் இதன் அருமை புலப்படும். வெடித்த கொப்புளமுடைய 2143 நோயாளரைக் கொண்டு செய்து 2002இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும், மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேர். சுருள் வைக்கப்பட்டவருள் 24 பேர்.

இப்பொருள்களுட் பல கடல் கடந்து வருவன. விலை நம் பகுதி வைத்தியசாலைகளுக்குப் பெருஞ்சுமை. ஆகையால் திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பணி நமக்கு அக்கறைக்குரியது. அங்கே ஜெயகிருஷ்ணன் முதலிய ஆய்வாளர்கள் 1990ஆம் ஆண்டளவில், அயோடின் சேர்ந்த நீர்க்கூழ் நுண்மணிகளை ஆக்கி ஆராய்ந்தனர். அயோடின் எக்ஸ் கதிரை மறைப்பதால், மணி எந்தக் கிளையில் போய் நின்றதென்பதைப் படத்தில் நேரே காணலாம்.