இரத்தத்துக்குக் கணக்குப் பார்த்த ஹார்வி

இதயத்தின் படம் வரைந்து, ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு என்று கலர் அடித்து மார்க் வாங்காதவர்கள் குறைவு. இரத்தம் உடம்பைச் சுற்றிவிட்டு மறுபடி இதயத்துக்கே வருகிறது என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் இதை ஐரோப்பா ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 1,500 வருடம் பிடித்தது. அதற்கு முக்கியக் காரணம் கேலன் என்கிற ஒரு பெரிய மனிதர்.

கேலன் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர். பெர்காமம் நகரில் கிளாடியேட்டர்களின் காயங்களுக்கு மருந்து போட்டு, பிறகு ரோமாபுரியில் பேரரசர்களுக்கே வைத்தியம் பார்த்தவர். லேசான ஆள் இல்லை. தமனிகளுக்குள் ஓடுவது காற்று என்று சிலர் சொல்லி வந்த காலத்தில், இல்லை, இரத்தம்தான் என்று செய்தே காட்டியவர். மீதிக் கதையில்தான் சறுக்கினார். சாப்பாடு கல்லீரலில் இரத்தமாக மாறுகிறது, அது சிரைகள் வழியே உடம்பெங்கும் போய், வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் மாதிரி உறிஞ்சப்பட்டுத் தீர்ந்துவிடுகிறது என்றார். இதயத்தின் வலது அறையிலிருந்து கொஞ்சம் இரத்தம், நடுச்சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாக இடது அறைக்குக் கசிகிறது என்றும் எழுதி வைத்தார்.

அந்த ஓட்டைகளை யாரும் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாரே, அப்புறம் யார் போய்த் தேடுவது!

முதலில் மறுத்தவர் ஐரோப்பியர் அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-நஃபீஸ், நடுச்சுவரில் ஓட்டையே கிடையாது, இரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் இடது பக்கம் வருகிறது என்று எழுதினார். அவருடைய கையெழுத்துப் பிரதி 1924-இல் பெர்லின் நூலகத்தில் கண்ணில் படும்வரை நவீன உலகம் அவரை மறந்தே போயிருந்தது. ஏறக்குறைய இதே கருத்தைத் தன் மத நூலுக்கு நடுவே எழுதிய மைக்கேல் செர்வெட்டஸ் 1553-இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். (எரித்தது இரத்தத்துக்காக இல்லை, மதக் கருத்துக்காக.)

இனி நம் கதாநாயகர். வில்லியம் ஹார்வி, 1578-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஃபாப்ரிசியஸ் என்பவரிடம் படித்து 1602-இல் டாக்டர் ஆனார். சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருப்பதை விரிவாக விவரித்தவர் அந்த ஃபாப்ரிசியஸ். ஆனால் இரத்தம் மொத்தமும் கால் பக்கம் இறங்கித் தேங்கிவிடாமல் தடுக்கத்தான் அவை இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கதவுகள் எல்லாம் இதயத்தைப் பார்த்தே திறப்பது ஏன் என்று யோசித்தது சீடர்தான்.

ஹார்வி செய்தது கிட்டத்தட்ட ஒரு வரவு செலவுக் கணக்கு. இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் இரத்தம் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் 1,000 துடிப்பு. ஆக 500 அவுன்ஸ், ஏறக்குறைய 15 கிலோ! அரை மணிக்கு இவ்வளவு இரத்தம் தயாரிக்க ஒரு மனிதன் எவ்வளவு சாப்பிட வேண்டும்? உடம்பு முழுக்கப் பிழிந்தாலும் அவ்வளவு கிடைக்காதே? அப்படியானால் போன இரத்தமேதான் திரும்பி வருகிறது. வேறு வழியே இல்லை.

இதில் ரசிக்க வேண்டியது, இரண்டு எண்களையும் அவர் வேண்டுமென்றே குறைத்துப் போட்டதுதான். வரவைக் குறைத்தே மதிப்பிடு என்று கணக்குப்பதிவியலில் சொல்வார்களே, அதே புத்தி. உண்மையில் ஓய்வாக இருக்கும்போதே ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 5 லிட்டர். உடம்பில் உள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கணக்கோடு நிற்காமல் கயிற்றையும் எடுத்தார். கையை இறுக்கிக் கட்டினால் நாடி நின்று கை சில்லிடுகிறது. கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால், ஆழத்தில் இருக்கும் தமனி திறந்துகொள்கிறது, மேலாக இருக்கும் சிரை அடைபட்டே கிடக்கிறது. உள்ளே வந்த இரத்தம் வெளியேற முடியாமல் கை வீங்குகிறது. வருவது தமனி வழி, திரும்புவது சிரை வழி. சோதனை முடிந்தது!

1628-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் 72 பக்கத்தில், லத்தீனில் புத்தகம் வந்தது. பலன்? கிறுக்குப் பிடித்தவர் என்று பேசினார்கள், நோயாளிகள் வருவது குறைந்துவிட்டது என்று ஜான் ஆப்ரி எழுதியிருக்கிறார். எதிராளிகளிடமும் ஒரு நல்ல கேள்வி இருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எப்படித் தாண்டுகிறது? ஹார்வியிடம் பதில் இல்லை. அவர் 1657-இல் இறந்தார். நான்கே வருடம் கழித்து, 1661-இல், மால்பிகி தவளையின் நுரையீரலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் தந்துகிகளைப் பார்த்தார்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனைக்குப் பிறகும் வைத்தியம் மாறவில்லை. இரத்தம் தினம் தினம் புதிதாக ஊறுகிறது என்றால், நோய்க்கு நரம்பைக் கீறி இரத்தத்தை வடிய விடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஊறுவதில்லை, சுற்றுகிறது என்று தெரிந்த பிறகும் வடித்தார்கள். ஹார்வியே அதை எதிர்க்கவில்லை! 1799 டிசம்பரில் தொண்டை நோயோடு படுத்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரே நாளில் பல முறை இரத்தம் எடுத்தார்கள். மொத்தம் இரண்டு லிட்டருக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அன்று இரவே அவர் இறந்துபோனார்.