சுண்ணாம்பும் முருகைக்கற்பாரும்

நல்லதண்ணியின் லயச் சுவர்களுக்கு அடிக்கப்படும் சுண்ணாம்பு எக்கல்லைச் சுட்டுப் பெறப்பட்டது என எவரும் வினவுவதில்லை. பண்டம் சந்தைக்கு வருகையில் அதன் பிறப்பிடம் மறைந்துவிடுகின்றது. அம்மறைப்புக்கு ஒரு சமுதாயம் கொடுக்க நேரும் விலையை, இலங்கையின் தென்மேற்குக் கரையோரச் சுண்ணாம்புத் தொழிலின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

முருகைக்கல் இந்நாட்டில் நெடுங்காலமாகவே கட்டடப் பொருளாகப் பயன்பட்டு வந்துள்ளது. காலிக் கோட்டை மதில்களில் அதனை இன்றும் காணலாம். ஆயின், சூளைகள் பெருகியபோது அகழ்வின் அளவு முற்றாக மாறியது. 1984ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடையே கடலிலும் கரையிலும் கரையை அடுத்த நிலத்திலும் அகழப்பட்ட ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் ஆண்டுதோறும் சூளைகளைச் சென்றடைந்தது.

சூளை முதலாளியின் கணக்கில் முருகைக்கல்லுக்கு மாற்றுமதிப்பு மட்டுமே உண்டு. அலையை உடைத்துக் கரையைக் காப்பதும், மீனுக்கு உறைவிடமாவதும் அதன் பயன்மதிப்புகள். அவற்றை விற்பார் இலர்; எனவே அவை கணக்கிலும் இல. உழைப்பைப் போன்றே இயற்கையும் செல்வத்தின் ஊற்று என 1875இல் மார்க்ஸ் வலியுறுத்தியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1998இல் வெளியான ஆய்வொன்று, மீன்பிடி, உல்லாசப் பயணம், கரைப் பாதுகாப்பு முதலியவற்றைக் கருத்திற்கொண்டு, இலங்கையின் ஒரு சதுர கிலோமீற்றர் முருகைக்கற்பாரின் 20 ஆண்டு மதிப்பு, இடத்துக்கேற்ப, 1,40,000 முதல் 75,00,000 அமெரிக்க டொலர் வரையாகும் என மதிப்பிட்டது. சுட்ட கல்லோ ஒருமுறைதான் விலைபோகும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் தன் கணக்கைக் காட்டிற்று. கற்பார் பேணப்பட்ட ஹிக்கடுவையில் 2 முதல் 3 மீற்றர் உயர்ந்த அலை ஏறத்தாழ 50 மீற்றரே உட்புகுந்தது. கல் அகழப்பட்டிருந்த அயலூரான பெரலியவில் 10 மீற்றர் அலை 1.5 கிலோமீற்றர் வரை புகுந்து, புகையிரதத்தையே புரட்டி, 1,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கற்பாரில் ஏற்பட்ட இடைவெளிகள் இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் என 2005இல் கள ஆய்வாளர் விளக்கினர்.

சட்டம் இல்லாமற் போகவில்லை. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, முருகைக்கல் அகழ்வு தடைசெய்யப்பட்டது. எனினும் அகழ்வு தொடர்ந்தது. கல்லகழ்ந்து அன்றாடம் வயிறு கழுவியவனுக்கு மாற்றுத் தொழில் வழங்காத தடை, அவனைக் குற்றவாளியாக்குமேயன்றிக் கற்பாரைக் காக்காது.

மலையகத்தவர்க்கு இது புதிய கதையன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டை உரிமையற்ற தரிசாகக் கண்டது. கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. மழை மண்ணைக் கொண்டுசென்றது. இலாபம் ஒருசாராரைச் சேர, இழப்பு உழைப்பவனின் தலையில் விழுவதே மலையிலும் கடலிலும் நாம் காணும் பொதுமையாகும். ஆகவே, முருகைக்கற்பாரைப் பேணல் என்பது அழகியல் ஈடுபாடு மாத்திரமன்று. கரையோர உழைக்கும் மக்களின் வாழ்வுரிமைப் போராட்டத்தின் பிரிக்கவொண்ணாப் பகுதியுமாகும்.